கரும்பு லோடின் மேலிருந்து சொன்ன ஆட்டம்

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிவரும் டிராக்டர்கள் சாலையோரம் வரிசை கட்டி நிற்கும் மாதங்களில், என் மாமாவுக்கு வீடு வாசல் எல்லாம் அவருடைய வண்டிதான். அம்மாவின் தம்பி அவர். லோடு இறக்க முறை வரும்வரை வண்டியை விட்டு நகர முடியாது. பள்ளி இல்லாத நாட்களில் அவருக்குச் சோறு கொண்டுபோவது என் வேலை. நான் அப்போது மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். சோற்றுத் தூக்கை வாங்கிக்கொண்டதும் மாமா என்னைக் கரும்பு லோடின் உச்சியில் ஏற்றி உட்கார வைப்பார். அதற்காகவே நான் வெயிலைப் பார்க்காமல் போய்வந்தேன்.

அந்த வருஷம் எங்கள் ஊர்க் கபடிப் போட்டியை டிவியில் காட்டுவதுபோல நடத்துவது என்று கமிட்டிக்காரர்கள் முடிவு செய்திருந்தார்கள். அதற்கு முன்பெல்லாம் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டால் ஆட்டம் தொடங்கிவிடும். சுற்றி நிற்கிறவர்களைத் தவிர வேறு வேலி கிடையாது. இப்போது மண்ணை மூடி மெத்தை விரித்தார்கள். மரத்தில் கேலரி கட்டினார்கள். முன்வரிசையில் நன்கொடை கொடுத்தவர்களுக்குச் சோபா போட்டார்கள். இத்தனைக்கும் ஆன செலவை எடுக்க வேண்டுமே, ஆளுயரத்துக்கு மேல் பச்சைத் துணி கட்டி மைதானத்தையே மறைத்து, வாசலில் டிக்கெட் வைத்தார்கள். கரும்பு வெட்ட வந்தவர்களுக்கு அந்த டிக்கெட் விலை ஒரு நாள் கூலி.

இதில் இன்னொரு கெட்டிக்காரத்தனமும் செய்தார்கள். மைக்கில் ஆட்டத்தைச் சொன்னால் வெளியே நிற்பவர்கள் காசில்லாமல் கேட்டுவிடுவார்கள் என்று, மைக்கில் நன்கொடையாளர்களின் பெயர்களை மட்டும் வாசித்தார்கள். விளையாடுகிறவர்கள் பெயர் ஒருமுறைகூட வரவில்லை.

வரிசையில் மாமாவின் வண்டி மட்டும் அன்று மதியம் மைதானத்தை ஒட்டி நின்றது. மாமாவும் என்னோடு மேலே வந்து உட்கார்ந்தார். கரும்பின் மேல் ஏறினால் பச்சைத் துணிக்கு அப்பால் எல்லாம் தெரிந்தது. சோபாக்களில் பாதி காலியாக இருந்ததும் தெரிந்தது. கீழே, துணிக்கு வெளியே, உள்ளே இருந்ததைவிடப் பெரிய கூட்டம். கரும்பு வெட்டுகிறவர்கள், வரிசையில் நின்ற மற்ற டிரைவர்கள், இடுப்பில் குழந்தையோடு பெண்கள். அவர்களோடு, வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் நெருக்கியடித்து இறங்கிவந்த மலைக்காரர்கள் கொஞ்சம் பேர். அவர்கள் ஊர் அணி அன்று ஆடியது. ஜீப்புக்குக் கொடுத்தபிறகு டிக்கெட்டுக்கு அவர்களிடம் ஒன்றும் மிஞ்சவில்லை.

அவர்களில் ஒரு அம்மா எங்கள் டிரெய்லரின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். கையில் துணியில் கட்டிய தூக்குச்சட்டி.

"தம்பி, மேலேருந்து உள்ள தெரியுதா?"

"நல்லா தெரியுதுக்கா," என்றார் மாமா.

"எம்புள்ள ஆடறான். செவப்பு பனியன், நெட்டையா இருப்பான். இன்னா பண்றான்னு பாத்து சொல்றியா?"

மாமா எழுந்து நின்றார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் இறுக்கிக்கொண்டு சொல்லத் தொடங்கினார். வீட்டில் அதிகம் பேசாத மனிதர் அவர். அன்று அவர் வாயிலிருந்து ஆட்டம் அப்படியே கொட்டியது. "செவப்பு பாடிக்கினு போறான். எடது மூலைல கால் வெக்கிறான். புடிக்க வர்றாங்க, புடிக்க வர்றாங்க... உருவிக்கினு வந்துட்டான்க்கா, ரெண்டு பேரு அவுட்டு." கீழே கூட்டம் கைதட்டியது. உள்ளே கேலரியில் கைதட்டல் எழுவதற்கு முன்பே வெளியே எழுந்தது. டிக்கெட் வாங்கி உள்ளே போன சிலர்கூடத் துணியைத் தூக்கி, இங்கே என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தார்கள்.

அந்த அண்ணன் உண்மையிலேயே நன்றாக ஆடினார். வெளியூர் அணி ஒன்றுக்கு ஆள் எடுக்க வந்திருந்த ஒருவர் அவரைத்தான் பார்க்க வந்திருக்கிறார் என்று கீழே பேசிக்கொண்டார்கள். அது காதில் விழுந்ததும் அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

இடைவேளை முடிந்து ஆட்டம் மறுபடி தொடங்கிய சற்று நேரத்தில் அது நடந்தது. சிவப்பு பனியன் பாடிக்கொண்டு உள்ளே போனார். ஒருவன் கணுக்காலைப் பிடிக்க, மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். அவர்கள் எழுந்த பிறகும் அவர் எழவில்லை. முழங்கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது எனக்கே தெரிந்தது.

மாமாவின் குரல் நின்றது.

"இன்னா தம்பி, நிறுத்திட்ட?"

"ஒண்ணும் இல்லக்கா. தண்ணி குடிக்க உட்டுருக்காங்க."

நான் அவருடைய லுங்கியைப் பிடித்து இழுத்தேன். "மாமா, அந்த அண்ணன் படுத்துக்கினு அழுவறாரு."

மாமா என்னைப் பார்க்காமலே ஒரு கரும்புத் துண்டை ஒடித்து என் கையில் திணித்தார். பிறகு மறுபடி சொல்ல ஆரம்பித்தார். அவர் சொன்ன ஆட்டத்தில் சிவப்பு பனியன் எழுந்தார், பாடினார், தொட்டுவிட்டு ஓடிவந்தார். நான் கரும்பைக் கடித்தபடி உள்ளே பார்த்தேன். உள்ளே அந்த அண்ணனைச் சாக்கில் கிடத்தித் தூக்கி, அந்தப் பக்கத்து வாசல் வழியாக ஒரு வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இது மாமா எனக்காகக் கண்டுபிடித்த புது விளையாட்டு என்று நினைத்தேன். உள்ளே நடப்பதும் அவர் சொல்வதும் எவ்வளவு தூரம் விலகிப்போகிறதோ அவ்வளவு சிரிப்பு வந்தது எனக்கு.

ஆரம்பித்த பொய்யை எங்கே நிறுத்துவது என்று மாமாவுக்குத் தெரியவில்லை போலும். அவர் சொன்ன ஆட்டத்தில் அந்த அண்ணன் நிஜத்தில் ஆடியதைவிட நன்றாக ஆடினார். கடைசியில் வெள்ளிமலையை ஜெயிக்கவும் வைத்துவிட்டார். மலைக்காரர்கள் துண்டை வீசிக் குதித்தார்கள். அந்த அம்மா தூக்குச்சட்டியைத் திறந்து, மகனுக்கென்று கொண்டுவந்த அதிரசத்தைப் பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கொடுத்தார். எனக்கும் ஒன்று மேலே வந்தது.

அது வாயில் இருக்கும்போதே வாசல் திறந்து கூட்டம் வெளியே வந்தது. மலை அணியின் கேப்டன் ஓட்டமும் நடையுமாக அந்த அம்மாவிடம் வந்தார்.

"எங்க இருந்த? வெளிய போய் எங்கம்மாவ கூட்டிக்கினு வாங்கன்னு அவன் கத்திக்கினே இருந்தான். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போயிட்டாங்க."

அந்த அம்மா ஒருமுறை நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார். கேப்டனிடம் திரும்பி, "எந்தப் பக்கமா போனாங்க?" என்றார். தூக்குச்சட்டியை அங்கேயே விட்டுவிட்டு ஓடினார்.

அன்று வீட்டில் மாமா அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "கேட்டுல உட மாட்டாங்க, அந்தம்மா வெளிய நின்னு தவிக்குமேன்னுதான் சொன்னேன். ஆனா நெசத்த சொல்லியிருந்தா கேட்ட ஒடச்சிக்கினாவது உள்ள போயிருக்கும்." அம்மா அவருக்குச் சோறு போட்டார். அவர் சாப்பிடவில்லை.

அடுத்த வருஷப் போட்டிக்கு மாமா ஆளே மாறிப்போயிருந்தார். கமிட்டிக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் நடந்தார். பச்சைத் துணி வேண்டாம், டிக்கெட் வேண்டாம், மெத்தையும் வேண்டாம், கரும்பு இறக்கிவிட்டுச் சும்மா நிற்கும் டிரெய்லர்களைச் சுற்றி நிறுத்தினால் அதுவே கேலரி என்றார். டிரைவர்கள் எல்லோரும் வண்டி தருவதாகச் சொன்னார்கள். பெண்கள் உட்கார, மேலே கீற்றுப் போட்ட ஒரு டிரெய்லர். மைக்கில் ஆட்டத்தைத்தான் சொல்ல வேண்டும். செலவுக்குத் துண்டு ஏந்தலாம், முடிந்தவர்கள் முடிந்ததைப் போடட்டும். கமிட்டிக்காரர்கள் முனகினார்கள். போன வருஷம் கேலரி நிறையவில்லை என்பதால் கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்.

போட்டிக்குச் சில நாள் முன்னால் மாமா என்னையும் கூட்டிக்கொண்டு வெள்ளிமலைக்கு பஸ் ஏறினார். அந்த அம்மாவின் வீட்டு வாசலில் அந்த அண்ணன் காலை நீட்டி உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழ முயன்று, பிறகு உட்கார்ந்தபடியே தலையாட்டினார். அந்த அம்மா எங்களுக்கு வெல்லம் போட்ட டீ கொடுத்தார். மாமா துணி இல்லாத மைதானத்தைப் பற்றிச் சொன்னார். நிழலில் உட்கார்ந்து பார்க்கலாம் என்றார். ஜீப் அனுப்புவதாகச் சொன்னார். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"நான் வரலப்பா," என்றார். "அன்னிக்கி நீ சொன்னப்போ எனக்கு எல்லாம் கண்ணுல தெரிஞ்சிது. எம்புள்ள ஜெயிச்சத நான் பாத்துட்டேன். இனிமே நேர்ல பாக்க இன்னா இருக்குது?"

கோபமாகச் சொல்லவில்லை. டீ ஆறுகிறது, குடி என்று என்னிடம் சொன்ன அதே குரலில்தான் சொன்னார்.

போட்டி நடந்தது. மணலூர்பேட்டையிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். டிரெய்லர்கள் நிரம்பி வழிந்தன. எங்கள் தெருப் பெண்கள் முதல்முறையாக ஒரு கபடி ஆட்டத்தை உட்கார்ந்து பார்த்தார்கள். அம்மா விசிலடிக்கத் தெரிந்தவர் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. மைக்கைப் பிடிக்கச் சொல்லி மாமாவை எல்லோரும் கூப்பிட்டார்கள். அவர் வாங்கவில்லை. எங்கள் டிரெய்லரின் சக்கரத்துக்குக் கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றார்.

நேரில் பார்ப்பதுபோல வருமா என்று யாரோ ஒரு அத்தை சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "எங்க மாமா சொன்னா நேர்ல பாக்கவே வேணாம். வெள்ளிமலைல அந்தம்மாவே சொன்னாங்க. அவங்களுக்கு எல்லாம் கண்ணுல தெரிஞ்சிதாம்."

கீழே நின்ற மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஆட்டம் பாதியில் இருக்கும்போதே கூட்டத்தை விலக்கிக்கொண்டு சாலைப் பக்கம் நடந்தார். இத்தனை பேர் முன்னால் புகழ்ந்ததில் அவருக்கு வெட்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன். அம்மா என் வாயை ஏன் கையால் மூடினார் என்று மட்டும் எனக்குப் புரியவில்லை.