ஸ்டெல்லா அக்கா கையில் எடுத்துக் கொடுத்த முருகன்

வெள்ளிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா அக்காவின் தம்பி அழைத்தார். அக்கா தூக்கத்திலேயே போய்விட்டாராம். கையில் எடுத்த சாப்பாட்டு டப்பாவை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அக்கா பாகான் டாலாமிலிருந்து கடல் பாலத்தைக் கடந்து, தீவிலுள்ள எங்கள் தொழிற்சாலைக்குத் தம் பழைய பச்சை நிறச் சின்னக் காரிலேயே வருவார். டேஷ்போர்டில் மாதா சுரூபம். பல நாள் வழியில் நின்ற காரைத் தாமே சரிசெய்து, கையில் கிரீஸோடுதான் உள்ளே நுழைவார். யாராவது கேலி செய்தால், "கார் ஓடுது, நான் வர்றேன். உனக்கென்ன லா?" என்பார்.

என் மகள் கவிதா புதிதாக ஓட்டுபவர்களுக்கான பி லைசென்ஸ் எடுத்ததும் அந்தக் காரின்மேல் பைத்தியமானாள். விலைக்குக் கேட்டேன். அக்கா மறுத்துவிட்டார்.

"ஏர்பேக் இல்ல, ஏபிஎஸ் இல்ல. எனக்குப் பழகிப்போச்சு. புதுசா ஓட்டுற புள்ளைக்கு வேணாம்மா."

எனக்குப் பொல்லாத கோபம். கொடுக்க மனமில்லாதவருக்குச் சாக்குக்கா பஞ்சம் என்று கேன்டீனில் அவர் காதுபடவே பேசினேன்.

பிறகு புதிய கார் வாங்கினோம். தண்ணீர்மலை முருகன் கோயிலில் பூசை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, கல் முருகன் ஒன்றை நான் உட்காரும் பக்கத்து இருக்கைக்கு நேரே டேஷ்போர்டில் பசை போட்டு ஒட்டினேன். மறுநாள் காரைப் பார்க்க வந்த அக்காவின் முகம் மாறியது.

"ஏர்பேக் மூடி மேலயே ஒட்டிட்டியே. வெடிச்சா முருகன் உன் மூஞ்சிக்குத்தான் வருவாரு. வீட்டுல உட்கார வை."

என் சாமியை எடுக்கச் சொல்ல இவர் யார்? "உங்க மாதா மட்டும் கார்ல இருக்கலாமா?" என்று கேட்டுவிட்டேன்.

"என் கார்லதான் ஏர்பேக் இல்லையே. அதான் மாதா இருக்காங்க."

கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, பசையை நகத்தால் சுரண்டி, முருகனை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் கொடுத்தார்.

சில மாதங்களில் ஆயர் ஈத்தாமில் ஒரு வேன் சட்டென்று குறுக்கே வந்தது. கவிதா பிரேக்கை மிதித்தும் மோதிவிட்டோம். ஏர்பேக் என் முகத்தில் வந்து அறைந்தது. அவளுக்கு ஒன்றுமில்லை, எனக்கு மூக்கில் சிராய்ப்பு. முருகன் இருந்த இடம் பிளந்து கிடந்ததைப் பார்த்தபோதுதான் அக்கா சொன்னது உறைத்தது. அழுதுகொண்டே அக்காவுக்குப் போன் செய்து, அன்று பேசியதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டேன்.

"அது கிடக்கட்டும். ரெண்டு பேரும் பெல்ட் போட்டிருந்தீங்களா?" என்றுதான் கேட்டார்.

நேற்று தேவாலயத்திலிருந்து கல்லறைக்கு, அவர் தம்பி கேட்டுக்கொண்டபடி, அந்தப் பச்சைக் காரைக் கவிதாதான் மெல்ல ஓட்டிவந்தாள். நான் பக்கத்தில். எதிரே மாதா. கிளம்புமுன் பழைய பெல்ட்டை இழுத்து மாட்டினேன்.

போட்டிருக்கிறோம் அக்கா, இரண்டு பேரும். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.