இப்படிக்கு, கவலையுடன்

பிளஸ் ஒன் சேர்ந்த இரண்டாவது மாதத்தில் என் முதல் விடுப்புக் கடிதத்தை எழுதினேன். எனக்காக அல்ல. எங்கள் வகுப்பிலேயே உயரமானவனுக்காக. அவனும் எங்கள் மஞ்சக்குட்டை ஊர்க்காரன்தான். தினமும் ஒரே ஜீப்பில்தான் ஏற்காட்டுக்குப் பள்ளிக்கூடம் போவோம். முந்தைய நாள் அவன் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுச் சேலத்துக்குப் படம் பார்க்கப் போயிருந்தான். அப்பாவின் கையெழுத்தோடு கடிதம் கொண்டுவந்தால்தான் வகுப்புக்குள் விடுவார்கள். அவன் அப்பாவோ காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்று காலையில் நோட்டில் குறிப்பதே தொழிலாக இருக்கும் மனிதரிடம் போய் அவன் என்ன பொய் சொல்வான்?

"நீதான் கட்டுரைப் போட்டியில பிரைஸ் வாங்குனவளாச்சே, ரெண்டு வரி எழுதிக் குடு" என்றான்.

மகனுக்குக் காய்ச்சல் என்று எழுதியிருந்தால் போதும். எனக்குத்தான் அது போதவில்லை. முழங்காலில் நோட்டை வைத்து, ஜீப் குலுங்கும்போது நிறுத்தி, குலுக்கல் நின்றதும் தொடர்ந்து, ஒரு பக்கம் எழுதிவிட்டேன். கடிதத்தில் அவன் அப்பா மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருந்தார். காலை ஈரத்தில் ஏணி வழுக்கிவிட்டது. இடுப்பில் அடி. மகன்தான் தோளில் தாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தான். கடைசியில் 'இப்படிக்கு, கவலையுடன்' என்று போட்டு, ரைட்டரின் கையெழுத்தை அவன் சொன்னபடி சுழித்துவிட்டேன்.

எங்கள் வகுப்பாசிரியை தாவரவியல் டீச்சர். தினமும் சேலத்திலிருந்து பஸ்ஸில் மலை ஏறி வருவார். அந்தக் கொண்டை ஊசி வளைவுகள் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. ஓர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே வகுப்புக்குள் நுழைவார். முதல் பத்து நிமிடம் பேசமாட்டார். அன்றும் பேசவில்லை. கடிதத்தை வாங்கி, நிதானமாகப் படித்து, மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். நெட்டையனை அண்ணாந்து பார்த்துவிட்டு, உள்ளே போ என்று எலுமிச்சம்பழத்தாலேயே கை காட்டினார்.

அவ்வளவுதான். அந்த வாரத்துக்குள் செய்தி வகுப்பு முழுக்கப் பரவிவிட்டது. மாரமங்கலத்திலிருந்து வருகிறவர்கள், வெள்ளக்கடையிலிருந்து வருகிறவர்கள், ஏற்காட்டுக்குள்ளேயே குடியிருந்துகொண்டு பஸ் வரவில்லை என்று சொல்லக்கூட வழியில்லாதவர்கள், எல்லோரும் என்னிடம்தான் வந்தார்கள். கூலியாகப் பேரிக்காய் வரும், கொய்யா வரும். நெட்டையன் ஜீப்பில் எனக்கு ஜன்னலோர இடம் பிடித்து வைத்தான்.

தொழிலைச் சுத்தமாகச் செய்தேன். அப்பாக்களுக்கு வலப்பக்கம் சாய்ந்த எழுத்து, அம்மாக்களுக்கு உருண்டை எழுத்து, வயதான பெரியப்பாக்களுக்கு நடுங்கும் எழுத்து. தாளும் ஒன்றுபோல் இருக்காது. யாரையும் சாகடிப்பதில்லை என்று ஒரு நெறியும் வைத்திருந்தேன். மாரமங்கலத்துப் பையன் ஒருவன் மூன்று நாள் விடுப்பு வேண்டும், மாமாவைக் கொன்றுவிடு என்று கெஞ்சினான். கால் எலும்பு முறிவுக்கு மேல் தரமுடியாது என்று சொல்லிவிட்டேன்.

பொய்யே இல்லாமல் ஒரே ஒரு கடிதம் எழுதினேன். என் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழிக்காக. அவள் அத்தா என்று கூப்பிடும் அவளுடைய அப்பா ஏரிக்குப் போகும் சாலையில் மிளகு, ஏலக்காய், காப்பித்தூள் விற்கும் சிறிய கடை வைத்திருக்கிறார். பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வு முடிந்த சமயம் அவருக்கு நெஞ்சுவலி வந்து சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து தோழி போன் செய்தாள். "அம்மாவுக்கு இப்ப எதுவும் எழுத வராதுடி. லெட்டர் நீயே எழுதிக் குடுத்துரு" என்றாள். குரல் அவள் குரலாகவே இல்லை.

அன்று எனக்கும் எழுத வரவில்லை. ஆம்புலன்ஸ், மூடுபனி, வளைவில் எதிரே வந்த லாரி என்று எழுத எவ்வளவோ இருந்தது. எதையும் தொட மனம் வரவில்லை. 'என் கணவருக்கு உடல்நிலை சரியில்லை. மருத்துவமனையில் இருக்கிறோம். மகள் சில நாள் வர இயலாது.' அவ்வளவே எழுதிக் கொடுத்தேன். அறுவைச் சிகிச்சை நடந்து அவர் நலமாகத் திரும்பிவிட்டார். உப்பில்லாத சோறு போடுகிறார்கள் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் புகார் சொல்லும் அளவுக்கு நலம்.

பிப்ரவரியில் எங்களுக்குப் பிரிவு உபசார விழா வந்தது. பையன்கள் வெள்ளை வேட்டி, நாங்கள் சேலை. அம்மாவின் மாம்பழ நிறச் சேலையைப் பதினோரு பின் குத்தி உடம்பில் நிறுத்தியிருந்தேன். மூச்சுவிட்டால் ஏதாவது ஒரு பின் குத்தியது. மேடையில் தலைமையாசிரியர், ஆசிரியர்கள், பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் சார்பில் நெட்டையனின் அப்பா. எஸ்டேட்டிலிருந்து நேராக வந்திருந்தார். சட்டைப்பையில் இரண்டு பேனா.

பிளஸ் ஒன் பிள்ளைகள் எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டம் கொடுத்தார்கள். நெட்டையனுக்கு 'செல்போன் டவர்'. என் தோழிக்கு 'மைக் செட்'. எனக்கு 'வி.ஏ.ஓ. அம்மா'. எல்லாருக்கும் சான்றிதழ் எழுதிக் கொடுக்கிறவள் என்று விளக்கம் சொல்லாமல் விட்டார்கள், புண்ணியவான்கள். ஆனால் வகுப்பு முழுக்கக் கை தட்டி விசிலடித்தது. தலைமையாசிரியரும் என்ன ஏதென்று தெரியாமல் சிரித்தார்.

நெட்டையன் எங்கள் சார்பில் பேசினான். "ரெண்டு வருசமா அந்த பெஞ்சுக்கும் என்ற முட்டிக்கும் சண்டைங்க. இன்னிக்குத்தானுங்க சமாதானம்" என்று தொடங்கியவன், ஆய்வகத்தில் உப்பு எது என்று கண்டுபிடிக்க நாக்கில் வைத்துப் பார்த்துத் திட்டு வாங்கியதையும், குரங்கு சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கூரைமேல் உட்கார்ந்து எங்கள் புளிச்சோற்றை எங்களைப் பார்த்துக்கொண்டே தின்றதையும் சொன்னான். நன்றாகத்தான் பேசினான். முடிக்கும்போது குரல் கம்மியது. அதை மறைக்க மைக்கைத் தட்டினான். அது கீச்சிட்டு எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டோம்.

அடுத்து டீச்சர் எழுந்தார். கையில் எலுமிச்சம்பழம் இல்லை. ஒரு தடித்த ஃபைல் இருந்தது.

"இவங்க நினைவா நானும் கொஞ்சம் சேத்து வெச்சிருக்கேன்" என்றார். "ரெண்டு வருசத்து லீவ் லெட்டர்."

பதினோரு பின்களும் ஒரே நேரத்தில் குத்தியதுபோல் இருந்தது. தோழி என் கையைப் பிடித்தாள். முன் வரிசையில் நெட்டையன் முதல்முறையாகக் குட்டையாகத் தெரிந்தான்.

"இதைப் படிச்சா, இந்த மலையில மனுசங்க எப்படி உயிரோட இருக்காங்கன்னே சந்தேகம் வருதுங்க" என்று தலைமையாசிரியரைப் பார்த்துச் சொன்னார் டீச்சர். "ஒருத்தர் மாடு முட்டிக் கெடக்கறாரு. ஒருத்தருக்குக் குளவி கொட்டி மொகமே மாறிப்போச்சு. மூணு பேருக்குக் காலு ஒடஞ்சிருக்கு, மூணும் இடது காலு. அத்தனை ஊட்டுலயும் அத்தனை பேரும் ஒரே மாதிரி 'இப்படிக்கு, கவலையுடன்'னு முடிச்சிருக்காங்க."

எழுத்தின் சாய்வை மாற்றினேன். தாளை மாற்றினேன். கடைசி வரியை மாற்ற இரண்டு வருடமாக எனக்குத் தோன்றவே இல்லை.

டீச்சர் முதல் கடிதத்தை எடுத்துப் படிக்கத் தொடங்கினார். ஏணி வழுக்கியது, மரத்திலிருந்து விழுந்தது, மகன் தோளில் தாங்கியது எல்லாம் அரங்கத்தில் ஒலித்தன. மேடையில் அமர்ந்திருந்த ரைட்டர் முதலில் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தார். கையெழுத்திட்டவர் பெயரை டீச்சர் படித்ததும் சிரிப்பை நிறுத்தினார். மெல்ல எழுந்து மைக் அருகே வந்தார்.

"ஏனுங்க டீச்சர், நான் எப்பங்க உளுந்தேன்?"

"ஆடி மாசம்ங்க."

"ஆடி மாசத்துல எவனுங்க மொளகு பறிப்பான்?" அவர் முகத்தில் உண்மையான வேதனை. "அப்பறம், நான் எதுக்குங்க மரம் ஏறோணும்? நான் ரைட்டருங்க!"

அரங்கம் வெடித்துச் சிரித்தது. "அதுக்குத்தானுங்க ஒரு மார்க்கைக் கொறச்சேன்" என்று டீச்சர் தாளைத் திருப்பிக் காட்டினார். சிவப்பு மையில் வட்டம் போட்டுப் பத்துக்கு ஒன்பது. கீழே, 'கற்பனை நன்று. தாவரவியல் போதாது.' எல்லாக் கடிதத்துக்கும் அப்படி மதிப்பெண் போட்டு வைத்திருந்தார்.

ரைட்டர் தாளை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "எழுத்து நொம்ப நல்லாருக்குதுங்க. என்ற கையெழுத்தே எனக்கு இத்தனை நல்லா வராது" என்றார். பிறகு மகனைப் பார்த்து, "ஊட்டுக்கு வா" என்றார். அதற்கும் சிரித்தார்கள், அவன் மட்டும் சிரிக்கவில்லை.

டீச்சர் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். யார் கடிதம் வந்தாலும் அவர்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். இடையில் ஒரு தாளை மட்டும் அவர் படிக்காமல் பின்னால் தள்ளினார். அதை என் தோழி பார்த்துவிட்டாள். மைக் இல்லாமலே அவள் குரல் மேடைக்குக் கேட்கும்.

"டீச்சர், அது என்னோடதுங்களா?"

"ஆமா கண்ணு. அதை வேண்டாம்னு விட்டுட்டேன்."

"எத்தனை மார்க் டீச்சர்?"

டீச்சர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "மூணு" என்றார். "சுவாரசியமே இல்லைன்னு எழுதிட்டேன். நிஜம்னு அப்புறந்தான் தெரிஞ்சுது. மார்க்கை அடிச்சுட்டேன். ஆனா எழுதினது எழுதினதுதானே. நீ திரும்பி வந்த அன்னிக்கே சொல்லியிருக்கணும். தைரியம் வரலை. இப்ப கேக்கறேன், மன்னிச்சுக்க சாமி."

ஆசிரியர் ஒருவர் மாணவியிடம் மன்னிப்புக் கேட்டு அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அந்தப் பொய்களையெல்லாம் நான் எழுதாமல் இருந்திருந்தால் இந்த ஒன்றை அவர் நம்பியிருப்பார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தோழி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு இடுப்பில் கை வைத்து, "அதெப்படீங்க டீச்சர்? நெசமா நெஞ்சு வலிச்ச எங்க அத்தாவுக்கு மூணு, மரமே ஏறாத அவருக்கு ஒம்பதா?" என்று கேட்டாள்.

முதலில் சிரித்தவர் டீச்சர்தான். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அவரவர் கடிதங்களை அவரவரிடம் கொடுத்தார். யார் எழுதியது என்று கடைசிவரை மேடையில் சொல்லவில்லை. கீழே இறங்கிப் போகும்போது மட்டும் என் பக்கத்தில் நின்றார்.

"டீச்சர், தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் சொல்லலீங்க?" என்று கேட்டேன்.

"பாதிப் பேரு கூலிக்குக் காப்பிப் பழம் பறிக்கத்தானே லீவு போட்டாங்க. அதை எழுதினா அவங்களும் சங்கடப்படுவாங்க, நானும் சங்கடப்படணும். மரத்துல இருந்து விழுந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்" என்றார். "பஸ்ஸுக்கு நிக்கறப்ப வேற எனக்குப் படிக்க ஒண்ணும் கெடைக்கல."

சாயங்காலம் ஜீப்பில் ரைட்டர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். மகன் பின்னால் தொற்றிக்கொண்டு நின்றான், உள்ளே வரும் உத்தேசமே இல்லாமல். பாதி தூரம் போனதும் ரைட்டர் என் பக்கம் குனிந்து, "ஏங்கண்ணு, மானேஜருக்கு ஒரு லெட்டர் எழுதோணும். மச்சினன் ஊட்டுக் கல்யாணம், ரெண்டு நாள் லீவு கேக்கோணும்" என்றார். "என்னை எங்கியும் தள்ளியுடாத. உள்ளதையே எழுது."

ஒத்துக்கொண்டேன். நான்கு வரிக் கடிதம். எழுத இரண்டு நாள் ஆனது.

விழா அன்று வீட்டுக்குப் போனதும் அம்மா முதலில் சேலையைத்தான் பார்த்தார். பின் குத்திய ஓட்டைகளை விளக்கு வெளிச்சத்தில் எண்ணிக்கொண்டிருந்தவரிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டு விழும் என்று சுவரோரமாகவே நின்று சொன்னேன். ரைட்டர் மைக் முன்னால் வந்து நின்ற இடத்தில் அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சேலையாலேயே வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்து ஓய்ந்ததும் கேட்டார்:

"சரி, எனக்கென்ன சீக்குன்னு எழுதுன?"

"உங்களுக்கு ஒண்ணுமில்லீங்கம்மா. நான்தான் ஒருநாள் கூட லீவு போடலியே."

"ஒரு காச்சல், தலைவலி கூடவா இல்ல?"

"இல்லீங்க."

அம்மா சேலையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். "ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் பாத்துப் பாத்து எழுதியிருக்கற, எனக்குத்தான் ஒரு தலைவலிக்குக் கூட வழியில்ல" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார். அன்று சாப்பிடும்போது குழம்பை நானே ஊற்றிக்கொள்ளும்படி என் தட்டருகே நகர்த்தி வைத்தார்.