பிலோமினா மிஸி இட்ட பொட்டு

செவ்வாய்க்கிழமை காலை ஹட்டன் பஸ் வந்து நின்றதும் கண்டக்டர் இறங்கி நேரே என் கடைக்கு, ஊரார் சொல்லும் 'முஸ்லிம் நானா கடை'க்கு வந்தார். "பிலோமினா மிஸி விடியக்காலையில போயிட்டாங்க நானா" என்றார். நிறுத்துக்கொண்டிருந்த பருப்பைத் தராசிலேயே விட்டுவிட்டேன். பொகவந்தலாவைத் தோட்டங்களில் பிறந்த உங்களில் பலரை முதலில் ஏந்தியது அந்த மருத்துவிச்சியின் கைதான். ஆனால் நான் எழுத வந்தது அவருடைய நெற்றியைப் பற்றி.

ஒரு தேர்த் திருவிழாவுக்கு முன் மொத்த வியாபாரி ஒருவர் எனக்குப் புது மாதிரிக் குங்குமம் அனுப்பினார். மழையில் நனைந்தாலும் கரையாத சிவப்பு. கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு வேறென்ன வேண்டும்? டப்பா டப்பாவாகப் போயிற்று. இரண்டு மாதத்தில் நெற்றிகள் கொப்பளித்தன. ஆறிய இடம் வெள்ளையாகிவிட்டது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அதை வெண்குஷ்டம் என்றார்கள். பேசி முடித்த கல்யாணம் ஒன்று நின்றுபோனது.

மிஸி குடையோடு கடைக்குள் வந்தார். "இதுல என்ன கலந்திருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா நானா?"

தெரியாது என்றேன்.

"தெரியாததையா வித்தீங்க?"

எனக்குக் கோபம்தான் வந்தது. நியாயமான கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் கோபம்தானே வரும்.

அந்தக் குங்குமத்தை வைக்காதீர்கள் என்று மிஸி லயம் லயமாகப் போய்ச் சொன்னார். "வேதக்காரி நம்ம பொட்டை அழிக்கப் பார்க்கிறா" என்று பேச்சு கிளம்பியது. அதை என் கடை வாசலில் கேட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். மிஸி யாரோடும் வாதாடவில்லை. என்னிடமே ஒரு டப்பா வாங்கி, கடைக் கண்ணாடியைப் பார்த்து, எல்லாருக்கும் முன்னால் பொட்டு வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கும் அந்தப் பொட்டோடே போனார். சாமியார் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "புண்ணு வந்ததும் எடுத்துருவேன் சாமி" என்றாராம். மூன்றாவது வாரம் புண் வந்தது.

அந்தப் புண்ணோடு நுவரெலியாவில் உள்ள அரசாங்கக் கந்தோருக்குப் புறப்பட்டார். சிங்களத்தில் பேச என்னையும் இழுத்துக்கொண்டு போனார். தின்கிற சாமானுக்குத்தான் சட்டம், பூசுகிறதற்கு இல்லை என்றார் அதிகாரி. நான் தமிழில் சொன்னதும் மிஸி, "நெத்தி மட்டும் உடம்புல சேராதான்னு கேளுங்க" என்றார். கேட்டேன். அந்த மனிதர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

பிறகு வருஷக்கணக்காக மனு மேல் மனு. என்ன கலந்தது, யார் செய்தது என்று டப்பாவில் தமிழிலும் சிங்களத்திலும் எழுத வேண்டும். உடம்பைக் கெடுக்கும் சாயத்தைத் தடுக்க வேண்டும். அந்தக் குங்குமத்தை நான் விற்பதை நிறுத்திவிட்டேன். ஆனாலும் ஒவ்வொரு மனுவுக்கும் மிஸி என்னிடம் வருவார். "வித்தவருன்னு ஒரு கையெழுத்து போடுங்க நானா. புண்பட்டவ சொன்னா அழுகைம்பாங்க. வித்தவரு சொன்னா அது சாட்சி." மொத்த வியாபாரி மற்றச் சரக்கையும் நிறுத்திவிடுவாரே என்று எனக்குப் பயம். ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்குச் சொன்னேன். அவர் திட்டவில்லை. தன் பெயருக்குக் கீழே ஓர் இடத்தை வெறுமையாக விட்டே அனுப்புவார்.

சவப்பெட்டிக்குள் கிடந்தபோதும் அந்த வெள்ளை வட்டம் நெற்றியில் அப்படியே இருந்தது. அதே வட்டம் உள்ள பெண்கள் வரிசையாக நின்று அழுதார்கள். ஒருத்தியும் நெற்றியை மறைக்கவில்லை. எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

அந்தக் குங்குமம் இன்னும் சந்தையில் விற்கிறது. கையெழுத்துக்கென்று மிஸி கொடுத்துவிட்டுப் போன கடைசி மனு என்னிடம் இருக்கிறது. நாளைக் காலை நானே கந்தோருக்குக் கொண்டுபோகிறேன். அவர் விட்டுவைத்த இடத்தில் என் பெயரை எழுதிவிட்டேன். பெயருக்குக் கீழே, 'விற்றவன்' என்றும்.