நூற்றுக்கு எண்பது

என் கணவருக்கு போனில் பணம் கட்டி போக்கர் சீட்டாட்ட டோர்னமென்ட் ஆடும் பழக்கம் இருந்தது. அதற்கெல்லாம் தடை வருவதற்கு முந்தைய காலம். பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்துவிட்டு வருவார். காபி ஆறுவதற்குள் போனை எடுத்துவிடுவார். ஆடுவதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். தோற்ற பிறகு வைக்கும் ஒப்பாரியைத்தான் தாங்க முடியாது.

"நூத்துக்கு எண்பது என் பக்கம்டி. கடைசிச் சீட்டுல கவுத்துட்டான். எனக்கு மட்டும் ஏன் இப்படி நடக்குது?"

நான் தினமும் பஸ்ஸில் அரியலூர் போய் ப்ளஸ் டூவுக்குக் கணக்கு எடுப்பவள். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் சொல்லிவிட்டேன். ஒரு டோர்னமென்டில் ஜெயிக்க, கையில் இருப்பதை மொத்தமாக வைத்து ஐந்து தடவையாவது தப்பிக்க வேண்டும் என்று நீங்கள்தானே சொல்கிறீர்கள்? ஒவ்வொரு தடவையும் எண்பது சதவீதம் என்றாலும், ஐந்தையும் தாண்ட நூற்றுக்கு முப்பத்து மூன்று வாய்ப்புதான். தோற்பதுதான் அங்கே வழக்கம். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை.

அப்போது குழந்தைக்காகத் திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். கருவை வெளியே உருவாக்கி உள்ளே வைக்கும் சிகிச்சை. தங்குவதற்கு நூற்றுக்கு முப்பது வாய்ப்பு என்று டாக்டர் சொல்லியிருந்தார். வயிறெல்லாம் ஊசித் தழும்பு. அரியலூர் ரோட்டில் சிமென்ட் லாரிகளுக்கு நடுவே பஸ் தூக்கிப் போடுமே என்று பயந்து, சம்பளமில்லாத லீவு போட்டுப் படுத்துக் கிடந்தேன்.

கரு தங்கவில்லை என்று ரிசல்ட் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அவர் சொன்னார்: "முப்பதுதானே சொன்னாங்க. எழுபது பக்கம் விழுந்துருச்சு. கணக்கு டீச்சர், நீயே இதுக்கு அழுவலாமா?"

ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார். என் கணக்கை எடுத்தே என் வாயை அடைத்துவிட்டார். வந்த அழுகையும் உள்ளேயே நின்றுபோனது.

பெரம்பலூர் பஸ்ஸில் உட்கார்ந்ததும் போனை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை, பெரிய டோர்னமென்ட். பாடாலூர் தாண்டும்போது அவரிடம் இரண்டு ஏஸ், எதிராளியிடம் இரண்டு ராஜா. இருந்ததையெல்லாம் வைத்தார்; நூற்றுக்கு எண்பது அவர் பக்கம். கடைசிச் சீட்டாக இன்னொரு ராஜா வந்து விழுந்தது; மூன்று ராஜா சேர்ந்து இரண்டு ஏஸை அடித்துவிட்டது. முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்து விசும்பி விசும்பி அழுதார்.

முன்சீட்டில் இருந்த ஓர் அம்மா திரும்பினார். என் மடியிலிருந்த ஆஸ்பத்திரி ஃபைல் அவர் கண்ணில் பட்டது.

"ஏதாச்சும் சொல்லிட்டாங்களாம்மா?"

"குழந்தை தங்கலைங்க."

அந்த அம்மா கையை நீட்டி அவர் தோளைத் தடவிக்கொடுத்தார். "மனச வுட்டுறாதீங்க தம்பி. இப்படி உருகுற புருசன் கெடைக்க இந்தப் பொண்ணு குடுத்து வச்சிருக்கணும்."

அவர் தலையைத் தூக்கவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. என் குழந்தைக்கென்று ஒருவர் வந்து துக்கம் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதையும் அவரே வாங்கிக்கொண்டார்.