எலுமிச்சம்பழம் வெட்டாத வாள்

பஞ்சாலை அக்காவுக்குக் கேள்வி கேட்காவிட்டால் சோறு இறங்காது. மலேசியாவில் நீலாய் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் துப்புரவு வேலை பார்க்கிறார். வகுப்பறை ப்ரொஜெக்டர் ஏன் தலைகீழாகத் தொங்குகிறது என்று விரிவுரையாளரையே நிறுத்திக் கேட்டவர். என் பள்ளி வேனில் ஏறினால் ஸ்டியரிங் முதல் என் மீசை வரைக்கும் விசாரணைதான். ஒரே ஒரு கேள்வியை மட்டும் அவர் யாரிடமும் கேட்டதில்லை. அது அவருடைய அப்பாவைப் பற்றியது.

அப்பா ராமசாமி, சுவா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அங்கிருந்த முனியாண்டி கோயில் பூசாரியும் அவர்தான். கடைசி வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் புறப்பட்டபோது, பங்களாச் சுவரில் மாட்டியிருந்த வாளைத் தோட்டத்து ஆபீஸ் கணக்கெழுதும் கிராணியிடம் கொடுத்துவிட்டுப் போனார். கிராணி அதைக் கோயிலுக்குக் கொடுத்தார். வெள்ளிப் பிடி, பிடிக்குக் கீழே சிப்பி மாதிரி ஒரு தட்டு, அதிலெல்லாம் பூவேலை. தோட்டமே மயங்கிவிட்டது. பழைய அரிவாளை மூலையில் வைத்துவிட்டு, அந்த ஆடித் திருவிழாவில் துரை வாளால்தான் எலுமிச்சம்பழம் வெட்டவேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

ராமசாமி ஓங்கி வெட்டினார். பழம் நசுங்கி உருண்டு ஓடியது. இன்னொரு பழம் வைத்தார்கள். அதுவும் அப்படியே. சாமி இவரை விட்டுப் போய்விட்டது என்று கூட்டம் பேச ஆரம்பித்தது. அடுத்த வாரம் அவருடைய கூட்டாளி முருகையா அதே வாளை எடுத்தார். பழம் இரண்டாகப் பிளந்தது. பூசாரி மரியாதையும் அவருக்கே போனது. ராமசாமி அதன்பின் கோயிலுக்குள் நுழையவில்லை. ரோட்டில் நின்றே கும்பிட்டார், சாகும்வரை. பள்ளிக்கூடத்தில் பஞ்சாலையை ‘நசுங்கின பழம்’ என்று கூப்பிட்டார்களாம். பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? வீட்டில் பெரியவர்கள்தான்.

இப்போது தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. கோயில் சாலையோரத்துக்கு வந்துவிட்டது. முருகையாவுக்கு முட்டி போய்விட்டதால் இந்த வருடம் அவர் மகன் பழம் வெட்டவேண்டும். அவன் வெட்டிப் பழகியபோதும் பழம் நசுங்கியது. கோயில் செயலாளர் சுகுமாறன், “மழுங்கிப் போச்சுலா, தீட்டிக் கொண்டா” என்று வாளை மஞ்சள் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார். அதைப் பார்த்ததும் பஞ்சாலை அக்கா கூப்பிடாமலே வேனில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டார். வழியெல்லாம் ஒரு கேள்வி இல்லை. எனக்கே பயமாக இருந்தது.

போர்டிக்சன் பாசாரில் கத்தி தீட்டும் சீனர் வாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தடவினார். பிறகு சக்கரத்தை நிறுத்திவிட்டு மலாயில் சொன்னார்.

“இனி புக்கான் பாராங்லா, அக்கா. காயா சாஜா.”

இது வெட்டுகிற கத்தியே இல்லையாம், அலங்காரத்துக்காம். வெள்ளைக்காரப் பெரிய மனிதர்கள் பட்டுச் சட்டை போட்டு விருந்துக்குப் போகும்போது இடுப்பில் தொங்கவிடுவது. மூன்று பட்டையாக அடித்த கம்பி; முனையால் குத்தலாம், வெட்டமுடியாது. தீட்ட இதில் விளிம்பே கிடையாது, எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்றார்.

அக்கா வாளை வாங்கினார். பெண்கள் தொடக்கூடாத வாள். கட்டைவிரலால் மூன்று பட்டையையும் மேலும் கீழும் அழுத்தித் தேய்த்தார். விரலில் ஒரு கீறல் இல்லை.

“அப்ப முருகையா சித்தப்பா எப்படி வெட்டினாரு?” என்றார். அப்பாடா, கேள்வி வந்துவிட்டது.

நேராக முருகையா வீட்டுக்கு வண்டியை விட்டேன். அக்கா வாளை அவர் மடியில் வைத்தார். “இது வெட்டாதாம், சித்தப்பா. நீங்க எப்படி வெட்டுனீங்க?”

கிழவர் வாளை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

“பால்வெட்டுக் கத்தியால முன்னாடியே பழத்த அறுத்து, குங்குமத்தக் குழைச்சு ஒட்டி வச்சேன். சனம் பயந்து போயிருந்துச்சு, அடங்கட்டும்னுதான் செஞ்சேன். அப்புறம் அந்த மரியாத ருசிச்சிருச்சு, ஆயி.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“முதல்ல அவர்கிட்டதான் சொன்னேன், இப்படிச் செய்ங்கண்ணேன்னு. ‘சாமி முன்னால நான் பொய்ப் பழம் வைக்கமாட்டேன், முருகையா’ன்னுட்டாரு. நான் செஞ்சதும் தெரியும். ஒருத்தர்கிட்டயும் சொல்லல.”

எனக்கு அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. அக்கா ஒன்றும் திட்டவில்லை. “திருவிழாவுக்கு வாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார்.

வந்தார், மகன் தோளைப் பிடித்துக்கொண்டு. உடுக்கை நின்றதும் அவரே வாளை வாங்கி, பழத்தின்மேல் வைத்து அழுத்தினார். எல்லார் கண்ணெதிரிலும் பழம் நசுங்கி உருண்டது. கூட்டம் ‘ஐயோ’ என்றது.

“இது வெட்டாது. எந்தக் காலத்துலயும் வெட்டினது இல்ல. நான் ஏமாத்தினேன், ராமசாமி அண்ணன் ஏமாத்தல” என்றார் முருகையா. பிறகு மூலையிலிருந்த பழைய அரிவாளை எடுத்துவரச் சொன்னார்.

அரிவாள் வருவதற்குள் பஞ்சாலை அக்கா குனிந்து, உருண்டு வந்த அந்த நசுங்கின பழத்தை எடுத்து மண்ணைத் துடைத்தார். கண்ணில் நீர் கொட்டிக்கொண்டிருந்தது. பழத்தை முந்தானையில் முடிந்துகொண்டு என் பக்கம் திரும்பினார்.

“வேனை எடுலா, ஷங்கர். அப்பா படத்துக்கு வைக்கணும்.”