பூந்தமல்லி கூழ்க்காரம்மா

மூன்றாங்கிளாஸ் படிப்போடு அம்பத்தூரில் சொந்த லேத் பட்டறை போட்டவன் நான். கிட்னி கெட்ட பிள்ளைகளின் வைத்தியத்துக்கு நிதி திரட்ட, அறுபத்தைந்து வயதில் கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் கிளம்பினேன். பூந்தமல்லியிலேயே இரண்டு காலும் நரம்பிழுத்து, பட்டறை ஆட்கள் போட்ட மாலையோடு ரோட்டில் விழுந்தேன்.

சேலைமேல் ஆண்சட்டை போட்ட கூழ்க்காரம்மா ஓடிவந்து, என் காலை மடியில் வைத்து நீவினாள். எதற்கும் முதலில் ஒரு சிரிப்பு அவளுக்கு.

"மாலையோட கீறியே, மாப்ளையா நைனா?"

"கிட்னி போன பசங்களுக்காகக் கெளம்பினேம்மா. இனிமே முடியாது, ஊட்டுக்கே போறேன்."

நீவிய கை நின்றது. "எம்புள்ளயும் அதுலதான் பூட்டான். ஏந்திரு நைனா." இதை மட்டும் சிரிக்காமல் சொன்னாள்.

என்னை ஏற்றிவிட்டு, கேரியரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே ஓடிவந்தாள்.

கன்னியாகுமரியைத் தொட்டவன் நான். ஆனால் அன்று அவளை, விழுந்துவிடுவேனோ என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.