தேய்த்து மறைத்த இணைப்பு

பெங்களூரில் எங்களுக்கு ஒரு சாயங்காலம்தான் இருந்தது. பீரை அங்கேயே காய்ச்சி விற்கும் கடைகளில் பெயர்பெற்ற ஒன்றை நான் சொன்னேன். மனைவியின் தம்பி வேறொன்றைச் சொன்னான்.

"பீரு எப்டி இருந்தா இன்னா மாமா? நான் வெல்டிங் வச்ச டேங்க் அங்கதான் கீது. ஒரு போட்டோ புட்ச்சா, வேலை கேக்கப் போனா காட்டலாம்."

கும்மிடிப்பூண்டியில் அவன் வேலை செய்த பட்டறையை அப்போதுதான் மூடியிருந்தார்கள்.

அவன் சொன்ன கடைக்கே போனோம். கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக எவர்சில்வர் தொட்டிகள் பளபளத்தன.

"உன்னுது எதுடா?"

ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனான்.

"தெர்ல மாமா. அழுக்கு தங்கக் கூடாதுன்னு ஜாயிண்டே தெரியாம தேச்சுட்டுதான் அனுப்புவோம்."

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். என் பீர் வந்தது. நன்றாகவே இல்லை.